பெட்டி எழும்பாத வாரம்

ஓகஸ்ட் 8, வெள்ளி

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. வாசல் முழுக்கப் புழுதி. மலர் இரண்டு தரம் கூட்டினாள், மூன்றாம் தரம் தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு இருந்துவிட்டாள். பில் மேசையில் பதினொரு வருடம் இருப்பவள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை.

காலை வேலைகள்: கயிறு இறக்கியாயிற்று. பெயின்ற் ரின் இரண்டு நசுங்கல், திருப்பி அனுப்ப. கிண்ணியா போட்காரருக்குப் பிஸ்டன் ரிங். திவாகரன்.

திவாகரன் ஆறு வருடம் என்னிடம் இருந்தவன். சேர்வரை வாங்க வைத்தவன், பூட்டியவன், கடையின் ஒன்பதாயிரம் சாமானுக்கும் நம்பர் போட்டவன் அவன்தான். இரண்டு மாதத்துக்கு முன் பாரூக்கிடம் போய்விட்டான். பாரூக் என் மனைவியின் தம்பி. என் கடையில் தொழில் பழகி, என் கடைக்கு நேர் எதிரே கடை போட்டவன். இந்த இருவரையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கொப்பி காணாது.

சேர்வரின் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பழையதாம், மாற்றாவிட்டால் ஸ்டொக் பார்க்கும் புரோகிராம் அடுத்த மாதம் நின்றுவிடுமாம். "நான் வச்ச பெட்டி ஹாஜியார், நானே வந்து ஏத்தி விடுறன்" என்று அவனாகவே சொன்னான். வரச் சொன்னேன். விட்டுப் போனவனிடம் வேலை வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது.

பதினொன்றரைக்குத் தொடங்கினான். இன்டர்நெட் இழுத்து இழுத்து வருகிறது. "மூண்டு மணிக்குத் திரும்பி வாறன், அதுமட்டும்..." என்று என்னவோ சொல்லிக்கொண்டு நின்றான். அந்த நேரம் கப்பல் ஏஜெண்டின் கோல். ஓம் ஓம் என்று அவனுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனை எடுத்தேன்.

அல்ஹம்துலில்லாஹ். வெளிநாட்டுக் கப்பல்! பழுதுபார்க்க உள்துறைமுகத்தில் நிற்கும் அந்தப் பெரிய சாம்பல் நிறக் கப்பல். நாலு பக்க லிஸ்ட், நூற்றெண்பது சாமான். எதை எதைக் கொடுக்க ஏலும் என்று செவ்வாய் நடுப்பகலுக்குள் பதில் வேண்டும், வியாழன் பின்னேரம் கப்பல் வெளிக்கிடும். போட்காரருக்கு விற்பது வேறு, கப்பலுக்குக் கொடுப்பது வேறு. சைக்கிளில் தூண்டிலுக்கான தங்கூசி நூல் கட்டிக்கொண்டு மீனவர் வாடி வாடியாகத் திரிந்தவன் நான். அந்த நாட்களில் இந்தத் துறைமுகக் கேற்றுக்கு முன்னால் நிற்கவே விடமாட்டார்கள்.

12.10. கடை பூட்டு. மெயின் இறக்கம். பள்ளி.

குத்பாப் பிரசங்கம் நீளம். பள்ளியில் ஃபேன் எல்லாம் ஓடியும் வியர்வை. மனம் முழுக்கக் கப்பல். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

2.30. மலர் சேர்வரை அழுத்தினாள். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழைபோல் ஓடி, நின்றது. கீபோர்டில் ஒரு லைட் விட்டு விட்டு மின்னியது. வேறொன்றும் இல்லை. நிற்பாட்டி மீண்டும் போட்டாள். அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடம்.

"முதலாளி, பெட்டி எழும்புதில்லை."

திவாகரனுக்கு நானே அடித்தேன்.

"டேய், என்ன செஞ்சு வச்சிட்டுப் போன நீ?"

"ஹாஜியார், பொறுங்க. ஸ்கிரீன்ல கடைசி வரி என்ன கிடக்கு?"

"கடைசி வரி உனக்குத் தெரியாதா? எழுதி வச்சவனே நீதானே! பாரூக் சொல்லித் தந்தவனா? எண்ட கடை வாசல்ல காலை வச்சாய் எண்டா முறிப்பன்."

வைத்துவிட்டேன்.

இன்றிலிருந்து இந்தக் கொப்பியில் அவன் வெறும் தி. முழுப் பெயர் எழுத மை வீண்.


ஓகஸ்ட் 9, சனி

காற்று குறையவில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பின் நேரே கடை. பெட்டி அப்படியேதான்.

கடைசி வரியைப் பார்த்து எழுதி வைத்தேன்: கேர்னல் பேனிக், நொட் சின்கிங். பேனிக் என்றால் பயம் என்று மலர் போனில் தேடிச் சொன்னாள். பெட்டிக்கு என்ன பயம்? பயப்பட வேண்டியவன் அன்புவழிபுரத்தில் வீட்டில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

கணக்கு இலகுவாக இருக்கிறது. அவன் வந்தான், பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை வைத்தான், பெட்டி செத்தது. அதே நாளில் எனக்குக் கப்பல் ஓடர். கப்பல் ஓடர் எனக்கு இல்லாவிட்டால் யாருக்கு? எதிர்க் கடைக்கு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாலி ஏதோ சொல்ல வந்தார். மூதூர் ஆள், களஞ்சியம் அவர் பொறுப்பு. "மொதலாளி, நேத்துப் பெட்டிக்குக் கரண்டு..." என்று தொடங்கினார். "அவனுக்காகக் கதைக்கிற ஆக்கள் அவனோடயே போகலாம்" என்றேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மலர் பில் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பில்லும் இல்லை.

தி.யின் கோல்: 9.15, 9.40, 11.05, 12.30. எடுக்கவில்லை. அடிக்கட்டும். மணி அடிக்க அடிக்க அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிளேன்ரீ ருசியாக இருந்தது.

பெரிய கடைத்தெருவிலிருந்து கொம்பியூட்டர் ரிப்பேர்காரர் ஒருவரைப் பிடித்து வந்தேன். மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சை பூத்திருக்கிறது. "உப்புக் காத்து முதலாளி, வேற என்ன" என்று மெமரித் தகட்டைப் பிடுங்கி அழிறப்பரால் தேய்த்தார். போட்டார். அதே இடம். புதுத் தகடு வாங்கிப் போட்டார். அதே இடம். தகடு வந்த மட்டைப் பெட்டியை வாசலில் வைத்தோம், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து தின்றுகொண்டு நின்றது. அதற்காவது பிரயோசனம்.

கடைசியில் சொன்னார்: "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்துவம்."

"அழிச்சா ஸ்டொக் லிஸ்ட்?"

"அது போயிடும்."

கதிரையில் இருந்தவர் எழும்பிப் போகும்படி பார்த்தேன். போனார்.

விஷயம் இதுதான். முந்தி சாலிக்கு எந்தச் சாமான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரியும். போன வருடம் தி. சொல்லி எல்லா இறாக்கைத் தட்டுகளையும் மாற்றி அடுக்கினோம். சாமான் பெட்டிகளில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். நம்பருக்குள் என்ன என்பது சேர்வருக்குள். பிரதி எடுத்து வைத்த டிஸ்க் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதை வாசிக்கவும் இந்தப் பெட்டிதான் வேண்டுமாம். மூன்று களஞ்சியம் நிறையச் சாமான், ஆனால் ஒரு வாஷரைக் கேட்டால் எங்கே என்று தெரியாது.

சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்ளத்தான் அப்படி மாற்றினான். இப்போது விளங்குகிறது.


ஓகஸ்ட் 10, ஞாயிறு

கடை லீவு. நான் மட்டும். மீன் சந்தையில் பாரை வாங்கி வீட்டுக்கு அனுப்பினேன்.

பெட்டியோடு நானே மல்லுக்கு நின்றேன். போட் எஞ்சின் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன? போனில் வீடியோ பார்த்துப் பார்த்து. எழும்பும்போது கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருகிறது. அதில் புதியது ஒன்று, பழையது ஒன்று. புதியதைத் தொட்டால் பயம் என்று சொல்லிச் சாகிறது. பழையதைத் தொட்டேன்.

ஓடியது! எழுத்து நின்றது. அவசர நிலை என்று ஒரு வரி. கீழே: பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டைத் தரவும்.

கடைப் பெயர் அடித்தேன். இல்லை. போன் நம்பர். இல்லை. மகளின் பெயர், மௌத்தாகிவிட்ட என் வாப்பாவின் பெயர், கடைப் பதிவு இலக்கம். இல்லை, இல்லை, இல்லை. பாரூக் என்றும் அடித்துப் பார்த்தேன். அதுவாக இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். இல்லை.

என் வீட்டுக்குள் நான் போக அவனிடம் திறப்புக் கேட்க வேண்டும். கேட்கமாட்டேன்.

தி.க்குச் செய்ய வேண்டியவை:
1. துறைமுகப் பாஸ். அவன் உள்ளே போய்வரும் பாஸுக்குப் பிணைக் கையெழுத்து இன்னும் என்னுடையதுதான். பாரூக் அவனை எடுத்ததே துறைமுகத்து இறங்குதுறையில் உள்ள மெஷின்களைப் பார்க்கத்தான். பாஸ் போனால் வேலை போகும்.
2. வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பெயர் சொல்லிக் கதைப்பது.
3. அவன் மகளின் பள்ளிக்கூடத்துக்கு நான் கொடுத்த கொம்பியூட்டரைத் திருப்பி... வேண்டாம். பிள்ளைகளிடம் போகக் கூடாது. வெட்டியாயிற்று.
4. பாரூக். இது தனி. ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

வீட்டில் என் மனைவி ரிஸானா: "இஞ்சாருங்க, அந்தக் கொம்பியூட்டர்த் தம்பி எனக்கும் கோல் எடுத்தவர். என்னவோ சொல்லணுமாம்."

"சொல்லுறதைப் பொலிஸில சொல்லட்டும்."

"எண்ட தம்பி கள்ளனெண்டு சொல்லுங்க, கேட்டுக்கொண்டு இருக்கன். இந்தப் பொடியன் ஆறு வருஷம் நம்மட குசினியில சோறு திண்டவன்."

பாரை மீன் முள்ளாகவே வந்தது.


ஓகஸ்ட் 11, திங்கள்

மேகம். மழை இல்லை.

கடிதம் எழுதினேன். மலரை எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே, நல்ல தாளில். "மேற்படி நபர் எமது நிறுவனத்தின் சேர்வரில் வேண்டுமென்றே நாசவேலை செய்துள்ளார் என நம்புகிறேன். துறைமுகத்துக்குள் அனுமதிக்கத் தகுந்தவரல்லர். எனது பிணையை இத்தால் மீளப் பெறுகிறேன்." கையெழுத்தை வடிவாக, பெயர் முழுவதும் தெரிய வைத்தேன். பத்து மணிக்குப் பாஸ் கவுண்டரில் கொடுத்தேன். எழுதுவினைஞர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிச்சயந்தானே ஹாஜியார்? இது போனா ஆளைக் கேற்றில மறிப்பாங்கள்."

"மறிக்கத்தான் கடிதம்."

முத்திரை குத்தும் சத்தம் நல்ல சத்தம். திரும்பி வரும்போது காற்றுக்கூட முதுகில் தள்ளியது.

கடையில் சாலியும் மலரும் நானும் கப்பல் லிஸ்டோடு களஞ்சியத்துக்குள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பது. பம்ப் கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் பல்ப். பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலிக் கொக்கி. சாலி தும்மித் தும்மி, "மொதலாளி, எண்ட தலைக்குள்ள இருந்ததையும் அந்தப் பெட்டிக்குள்ள போட்டிட்டம்" என்றார். மூன்று பேருக்கும் தலைமயிர் சாம்பல் நிறம். எனக்கு முந்தியே சாம்பல்தான்.

கடை பூட்டும்வரை கண்டுபிடித்தது நாற்பத்தெட்டு. நூற்றெண்பதில்.

தி. இரண்டு கோல். எடுக்கவில்லை.


ஓகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே திறந்து தேடல். பதினொன்றரைக்கு எழுபத்தொன்று.

11.50. ஏஜெண்டுக்கு அடித்தேன். மிச்சத்தை நாளைக்குள் சொல்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்று எழுதினாலும் பிழையில்லை, இது என் கொப்பிதானே.

"ஹாஜியார், கப்டன் என்னைத் திண்டுகொண்டிருக்கிறார். பாதி லிஸ்டுக்கு நான் என்ன சொல்ல? மற்றவர் முழுசையும் தாறனெண்டிட்டார்."

"ஆர் மற்றவர்?"

சொல்லத் தேவையே இல்லை. போனைப் பிடித்தபடி வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பாரூக் வாசலில் நின்று என் கடையைப் பார்த்துக் கையை ஆட்டினான். என்ன பல்லு!

முதல் கப்பல். போய்விட்டது. வேறு எதையும் இன்று எழுத மனமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கேற்றில் தி.யை மறிக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். அவன் பாஸை வாங்கி மேசை லாச்சிக்குள் போடுவதைப் பார்க்க வேண்டும். பிறகு பாரூக்கின் கடைக்குப் போகும் ஐஸ் வேன்காரரிடம், அங்கே போவதை நிற்பாட்ட, கதைக்க வேண்டும். பிறகு சங்கம். ஒன்றன் பின் ஒன்றாக. அவசரமில்லை. தங்கூசி சுற்றிச் சுற்றித்தான் இந்தக் கடையைக் கட்டினேன். எனக்குப் பொறுமை இருக்கிறது.

பின்னேரம் நெஞ்சுக்குள் இறுக்கம். பிரஷர் குளிசை போட மறந்திருக்கிறேன்.

ரிஸானா குளிசையையும் தண்ணீரையும் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். "வியாழக்கிழமை போட் எல்லாம் வரப் போகுது. எந்தச் சாமான் எங்க கிடக்குதெண்டு தெரியாம கடையைத் திறந்து வச்சு என்ன செய்யிற? நான் தம்பிக்கிட்டக் கதைச்சிட்டன். நாளைக்கு அந்தப் பிள்ளையை அனுப்புவான்."

"பாரூக்கிட்டயா கதைச்ச?"

"ஓம். எண்ட தம்பிக்கிட்டத்தான். குளிசையைப் போடுங்க."

போட்டேன்.


ஓகஸ்ட் 13, புதன்

காற்றே இல்லை. புழுக்கம்.

10.30. மோட்டார்சைக்கிள் சத்தம். தி. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"காலை வைக்கலாமா ஹாஜியார்?"

சாலிக்கு இருமல் வந்தது. நான் நாளிதழைப் பார்த்துக்கொண்டு, "வை" என்றேன்.

வந்து இருந்தான். ஒரு பென்ட்ரைவ் போட்டான், அதிலிருந்து பெட்டியை எழுப்பினான். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மலர்தான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன திவா, டிஸ்க் போயிட்டுதா?"

"இல்லையக்கா. டிஸ்க் சுகம். ஏத்தினது பாதியில அறுந்து கிடக்கு. சிஸ்டத்திண்ட மூளை, புதுக் கேர்னல், வந்து இருந்திட்டுது. அது எழும்பேக்குள்ள வேணும் எண்ட கோப்பு ஒண்டு கடைசியிலதான் எழுதுப்படும். அது எழுதுப்படேல்ல. அது இல்லாம டிஸ்க் எங்க இருக்குதெண்டே கேர்னலுக்குத் தெரியாது. வாசல் தெரியாம முட்டுது."

அறுந்த இடத்திலிருந்து மிச்சத்தை ஏற்றினான். அந்தக் கோப்பை எழுத வைத்தான். எழும்பும்போது வரும் பட்டியலைப் புதுப்பித்தான். ளுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. 1.20க்குப் பென்ட்ரைவைப் பிடுங்கிவிட்டு நிற்பாட்டிப் போட்டான்.

எழும்பிவிட்டது. மலரின் திரையில் கடைப் பெயர். சாலி சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் வாயிலும் வந்தது, அடக்கினேன்.

"ஹாஜியார், ஒருக்கா இஞ்ச வாங்க. பெட்டி தானே எழுதி வச்ச ஒரு பக்கம் இருக்கு. நீங்களே வாசிங்க. சத்தமா."

"எனக்கு ஏன்?"

"வாசிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஓகஸ்ட் 8. 12.10.42. மின்சாரம் இல்லை, யூ.பி.எஸ் பட்டரியில் ஓடுகிறது.

"அடுத்தது."

"12.39. பட்டரி முடியுது."

"அடுத்தது."

"அடுத்தது இல்லை."

"ஓம். அங்கதான் செத்தது."

"ரோட்டில கரண்ட் போயிருக்கும்" என்றேன்.

"பள்ளியில ஃபேன் ஓடினதா?"

ஓடியது. நானே இந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறேன், இப்போது புரட்டிப் பார்த்தேன். மெயின் இறக்கம் என்றும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து.

பதினான்கு வருடத்துக்கு முன் பக்கத்து வலைக்கடை எரிந்தது. வெள்ளிக்கிழமை, எல்லாரும் ஜும்மாவில். வயர் சூடாகிப் பிடித்த நெருப்பு. நாங்கள் திரும்பி வரும்போது கூரை இல்லை. அன்றிலிருந்து கடை பூட்டினால் மெயின் சுவிட்சை நான்தான் இறக்குவேன். மீட்டர்ப் பெட்டித் திறப்பு என் இடுப்புப் பெல்ட்டில். வேறு யாரிடமும் இல்லை. இப்போதெல்லாம் அதை ஒரு வேலையாக நினைப்பதே இல்லை, செருப்பை மாட்டுவதுபோலக் கை தானாகச் செய்கிறது. மற்ற வெள்ளிகளில் மலர் பன்னிரண்டுக்குச் சேர்வரை ஒழுங்காக நிற்பாட்டிவிடுவாள். அன்றைக்கு நிற்பாட்ட வேண்டாம் என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கிறான்.

"போகேக்குள்ள உங்களிட்டயும் சொன்னனான். ஜும்மாவுக்குப் பூட்டினாலும் மெயினை மட்டும் இறக்க வேணாமெண்டு. ஓம் ஓம் எண்டனீங்க."

"யூ.பி.எஸ் வாங்கினதே அதுக்குத்தானே?"

"அது அரை மணித்தியாலத்துக்கு ஹாஜியார். குத்பா எவ்வளவு நேரம்?"

சாலி சிரித்துவிட்டார். பிறகு இருமினார். நான் அவரைப் பார்த்தேன், மலரைப் பார்த்தேன். இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

மலர் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையே தெரியும் முதலாளி. நீங்க ஆர் செஞ்சதெண்டு எங்களிட்டக் கேக்கேல்ல. திவாதான் செஞ்சதெண்டு சொன்னனீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பம்."

ஐந்து நாள். ஐந்து நாள் என்னை ஆட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் வாசலில் ஹெல்மெட்டை மாட்டினான்.

"காலமை கேற்றில எண்ட பாஸை வாங்கிட்டாங்கள். கடிதத்தையும் காட்டினவங்கள். கையெழுத்து நல்ல வடிவு."

"தெரிஞ்சுகொண்டா வந்த நீ?"

"ரிஸானாக்கா கேட்டவ. அதோட, நான் வச்ச பெட்டி செத்திட்டுதெண்டு ஊர் முழுக்கக் கதை. எனக்கு அது கூடாது." ஸ்டார்ட் பண்ணினான். "கேற்றுக்குள்ள போக ஏலாதவனை பாரூக் நானா என்ன செய்யிற? மாசக் கடைசிமட்டும் பாப்பாராம்."

போய்விட்டான்.

நெஞ்சுக்குள் சேர்த்து வைத்தது எல்லாம் அப்படியே கிடக்கிறது, இறக்கி வைக்க ஆள் இல்லை. சாலியின் மேல் ஒரு மணித்தியாலம் கோபமாக இருந்தேன். பிறகு மலரின் மேல். பிறகு அந்த இமாமின் நீள நாக்கின் மேல். அஸருக்குப் போகும்போது மீட்டர்ப் பெட்டியைப் பார்க்காமல் போனேன்.


ஓகஸ்ட் 14, வியாழன்

போட்கள் வந்துவிட்டன. காலை முழுக்கச் சனம். மலர் நம்பர் சொல்ல, சாலி எடுக்க, ஒரு பிழையில்லை. நேற்றைய கதை சந்தைவரை போயிருக்கிறது. கிண்ணியா போட்காரர் பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டே, "ஹாஜியார், இதை வாங்கினா மெயினை இறக்க வேணுமா?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. அடுத்த முறை இவருக்கு வரிசையில் கடைசி இடம். குறித்துக்கொண்டேன்.

11.00. பாரூக்கின் கோல். தேன் குரல்.

"மச்சான், கப்பல் லிஸ்டில பதினாலு சாமான் எனக்கிட்ட இல்லை. நாலு மணிக்கு வெளிக்கிடுது. உங்களுக்கிட்டக் கிடக்குமா?"

"பாத்துச் சொல்லுறன்."

மலர் அடித்துப் பார்த்தாள். பதினாலும் இருக்கிறது, இறாக்கை நம்பரோடு. ஒரு நிமிட வேலை. நான் ஒரு மணித்தியாலம் எடுத்தேன். கதிரையை வாசலில் போட்டு, அவன் பார்க்கும்படி, இரண்டு பிளேன்ரீயும் ஒரு பணிஸும். அவன் தன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நேரம் பார்த்தான். வியர்வை துடைத்தான். இந்த வாரத்தில் நல்ல மணித்தியாலம் அதுதான்.

கொடுத்தேன். வியாபாரி கொடுக்காமல் விடமாட்டான். ஆனால் ஒவ்வொரு மட்டைப் பெட்டியிலும் எங்கள் கடை ஸ்டிக்கர், சிவப்பு, பெரியது, நாலு பக்கமும், மேலேயும். போன் நம்பரோடு. உரித்தெடுக்க அவனுக்கு நேரமில்லை. கப்பல் சீஃப் எஞ்சினியர் பெட்டியைத் திறக்கும்போது எந்தக் கடையின் பெயரைப் பார்ப்பான்? ஞாயிறு எழுதிய பட்டியலில் 2 ஐயும் 4 ஐயும் வெட்டியாயிற்று, 4 இப்போதைக்கு.

1, துறைமுகப் பாஸ், மட்டும் மிச்சம். அதை வெட்ட என் பேனை போதாது.


ஓகஸ்ட் 15, வெள்ளி

கச்சான் திரும்பவும். புழுதி.

9.00. பாஸ் கவுண்டர். அதே எழுதுவினைஞர். பிணையைத் திருப்பித் தர ஒரு படிவம் இருக்கிறதாம், மூன்று பிரதி. அதில் ஒரு கட்டம்: காரணம்.

தவறான புரிதல் என்று எழுதினேன்.

"திங்கட்கிழமை நாசவேலை எண்டு எழுதியிருக்கிறீங்க. நாசவேலை எப்பிடி ஹாஜியார் புரிதலாகும்? விபரமா எழுதுங்கோ."

புதுப் படிவம். இயந்திரக் கோளாறு.

"இயந்திரக் கோளாறுக்கு ஆளின்ர பாஸை ஏன் பறிச்சனீங்க? உள்ள இருக்கிற ஐயா கேப்பார்."

மூன்றாவது படிவம். பின்னால் வரிசை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தேன், நாலாவது ஆளாகப் பாரூக். கையில் கப்பல் பேப்பர்கள்.

எழுதினேன்: "மேற்படி திவாகரன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மெயின் சுவிட்சை இறக்கியது நான். அவர் இறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை." மூன்று பிரதியிலும். கையெழுத்து, பெயர் முழுவதும் தெரிய.

எழுதுவினைஞர் சத்தமாக வாசித்தார். பிறகு உள்ளே இருந்த ஐயாவுக்குச் சிங்களத்தில் சொன்னார். ஐயா கதிரையை விட்டு எழும்பி வந்து கவுண்டர்க் கண்ணாடிக்குள்ளால் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். முத்திரை. திங்கட்கிழமை பாஸ் தருவார்களாம்.

பாரூக் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. அது எழுதி வைக்கப்படுகிறது. 4 மீண்டும்.

11.55. கடையில் மலர். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். இன்றிலிருந்து ஜும்மா நேரம் அவள் உள்ளேயே இருப்பாளாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

"திறப்பு, முதலாளி."

"ஏன், எனக்குப் பூட்டத் தெரியாதா?"

"பூட்டத் தெரியும். அதான் பிரச்சினை."

பெல்ட்டிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். பள்ளிவரை கை இடுப்பைத் தடவிக்கொண்டே போனது.

குத்பா இன்றும் நீளம்.

1.45. வந்து பார்த்தேன். விசிறிச் சத்தம். பெட்டி ஓடுகிறது. மலர் ஊறுகாய்ப் போத்தலை அதற்கு மேல் வைத்திருக்கிறாள், எடுக்கச் சொன்னேன்.

1.50. போன் அடித்தது. திவாகரன்.

முதல் மணியிலேயே எடுத்தேன்.